ஒன்பது வருஷம்

எழுந்தான். தண்ணீர் மோட்டாரைப் போட்டான். பல் தேய்த்தான். மாடித் தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை அணைத்தான். ஒரு அடுப்பில் முட்டையையும் இன்னொன்றில் டீத் தண்ணீரையும் வைத்தான். முட்டை வேகிற நேரத்தில் சட்டையை இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கை, பிறகு முதுகு, கடைசியில் பொத்தான் பக்கம். குளித்தான். டீயை வடிகட்டி ஒரு டம்ளரை அத்தையின் கட்டிலோரம் வைத்தான். தன் டீயை நின்றுகொண்டே குடித்தான். சாவி, டார்ச், போன், அளவு நாடா என்று பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

பெண்டாட்டி போனால் ஒரு மனிதனின் காலை நேரமாவது கொஞ்சம் தடுமாறும் என்று நினைத்திருந்தான். தடுமாறவில்லை. நாலு மாதமாக அது தன்பாட்டுக்கு வந்து தன்பாட்டுக்குப் போனது. மோட்டாரை அணைக்க ஒரு நாள்கூட மறக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

அத்தை என்றால் மனைவியின் அம்மா. மகளுக்கு ஆபரேஷன் என்றதும் பத்து நாள் துணைக்கு இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரே ஒரு பையோடு வந்தவர். ஒன்பது வருஷமாகியும் திரும்பிப் போகவில்லை. மகள் போன பிறகும் போகவில்லை. போங்கள் என்று அவன் சொல்லவில்லை. போகட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தார். தூரத்து உறவு யாரோ, தாமதமாகத் துக்கம் விசாரிக்கிறார்கள்.

“வலியே இல்லக்கா. தூங்கற மாதிரிதான் போனா. கடைசியா மாப்பிள்ளை கையப் புடிச்சுக்கிட்டு, ‘எங்கம்மாவ விட்டுடாதீங்க, தனியா விட்டுடாதீங்க’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா.”

முதல் மாதம் அந்தக் கடைசிச் சொல் வெறும் ‘அம்மா’வாக இருந்தது. இரண்டாம் மாதம் ‘அம்மாவப் பாத்துக்கோங்க’ ஆனது. கையைப் பிடித்தது போன வாரம்தான் சேர்ந்தது. அத்தை அப்போது பக்கத்தில் இல்லை, உறவில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தவர் சேதி கேட்டு ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, “எதாச்சும் சொன்னாளா மாப்பிள்ளை? என்னப் பத்தி எதாச்சும் சொன்னாளா?” என்று கேட்டார். அவன் தலையை ஒரு மாதிரி ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் எடுத்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அத்தை சமையலறையை எட்டிப் பார்த்தார்.

“முட்டை அப்படியே இருக்கு மாப்பிள்ளை.”

“சாயந்தரம் சாப்டறேன் அத்தை.”

“சாயந்தரம் அது முட்டையாவா இருக்கும்? கல்லா…”

அதோடு நிறுத்திக்கொண்டார். கல் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவன் முட்டையை உரித்து உப்புக்கூடத் தொடாமல் விழுங்கிவிட்டுக் கிளம்பினான்.

எல்லாம் கல்லில்தான் தொடங்கியது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி என்றாள். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எடுத்தார்கள், அவளும் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். எடுத்த பையை வழக்கப்படி பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கல்லோடு கல்லாக அதில் வேறொன்றும் இருந்தது. பையின் சுவரைத் தாண்டி, ஈரலைத் தொட்டு, பக்கத்து நெறிக்கட்டிக்கும் போயிருந்தது.

மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். காலையில் உள்ளே போனவள் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வந்தாள். ஈரலில் ஒரு துண்டை எடுத்திருந்தார்கள். பித்தக்குழாயை வெட்டிவிட்டு, குடலை மேலே இழுத்து ஈரலோடு நேராக ஒட்டியிருந்தார்கள். அப்புறம் அரை வருஷம் கீமோ. பெரிய டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வருஷம் கிடைத்தால் நல்ல விஷயம் என்றார். அவள் கதவுக்கு வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“ஒரு வருஷத்துக்கு எதுக்குடா இவ்வளவு தையல்?” என்றாள்.

அந்த ஒரு வருஷம் முடிந்தது. இரண்டும் முடிந்தது. வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்பார்கள். ஒன்றும் இருக்காது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தான் செய்த வேலையைத் தானே நம்பாதவர் போல இருக்கும் அவர் முகம்.

ஸ்கேன் முடிந்ததும் அவள் நேராக நாலாம் மாடிக்குப் போவாள், பெண்கள் வார்டுக்கு. அங்கே பெரிய சிஸ்டர் என்று ஒருவர். முதல் தடவை அவளைப் பார்த்து வாயைப் பிளந்தவர், அடுத்த தடவை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏய், இங்க பாருங்கடி, ரெண்டு வருஷம் வந்திருக்கு!” அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மூணு வருஷம் வந்தாச்சு. அஞ்சு வருஷம் குண்டாயிட்டா. ஏழு வருஷம் இந்தத் தடவ வெறுங்கைய வீசிட்டு வந்திருக்கு, மகா கஞ்சம். வருஷத்துக்கு வருஷம் பெயரில் ஒன்று கூடும். புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள், ஆகப் போகிறவர்கள் கட்டிலில் போய் உட்கார்ந்து சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவாள். “தொட்டுப் பாருங்க, கடிக்காது.” ஈரலில் வெட்டிய துண்டு தானாகவே வளர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, “எனக்கு நகம்கூட இவ்வளவு வேகமா வளராது” என்பாள். அவர்கள் சிரித்தால் தையல் வலிக்கும். சிரித்துவிட்டு அவளைத் திட்டுவார்கள்.

அவளுக்கு வைத்த அந்தப் பெயர் ஒன்பதோடு நின்றது. அவளைக் கொண்டுபோனது கேன்சர் இல்லை. இதை அவன் யாரிடமும் விளக்கப் போகவில்லை. கேன்சர் என்று சொன்னால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இல்லை என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவனுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. இன்ஜினியரிங் படித்தவன். கட்டடம் கட்டடமாகப் போய், கூண்டின் கூரைமேல் ஏறி, கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். அவள் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். “நீ ஆளுங்கள மேலயும் கீழயும் கொண்டுபோற, நான் முன்னயும் பின்னயும் கொண்டுபோறேன். ஊர்ல ஒருத்தனும் நின்ன இடத்துல நிக்க முடியாது” என்பாள்.

அன்று அவன் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் கூண்டின் கூரைமேல் குந்தியிருந்தான். டார்ச்சைக் கடைவாயில் கவ்விக்கொண்டு, எஃகுக் கயிற்றில் இழை பிரிந்திருக்கிறதா என்று துணியால் தடவிப் பார்த்தான். இழை பிரிந்திருந்தால் துணி மாட்டும். மாட்டவில்லை. போன் அடித்தது. பெரிய சிஸ்டர்.

“தம்பி, வேலையா இருக்கீங்களா?”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“இதை உங்ககிட்ட கேக்கவே கூடாது. வேற வழியில்ல, கேக்கறேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “இங்க ஒரு பொண்ணு. பியூட்டி பார்லர் வச்சிருக்கு. அவங்களுக்கு வந்த அதேதான். அதே இடம், அதே அளவு. நாளைக்குக் காலைல முதல் கேஸ். இன்னிக்கு வந்து மாட்டேங்குது. வீட்டுக்குப் போறேன், செத்தா என் கட்டில்ல சாகறேன்னு நிக்குது.”

“பெரிய டாக்டர் பேசலையா?”

“பேசினார். அவர் பேசினா நல்லா இருக்கறவங்களுக்கே வயித்தக் கலக்கும். அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. இத வெட்டிட்டு உயிரோட இருக்கற ஒரு ஆளக் காட்டுங்க, ஒரே ஒரு ஆளு, கண்ணால பாக்கணும்னு கேக்குது.”

அவன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டான்.

“எங்கிட்டக் காட்ட வேற ஆள் இல்ல தம்பி. இருந்தது அவங்க ஒருத்தங்கதான்.”

கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டி, எவ்வளவு நேரம் ஆகும் என்று கத்தினார்கள்.

“நீங்க வந்து ஒன்பது வருஷம்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுக்காரர் சொன்னா நம்பும். அவங்க… இல்லங்கறத மட்டும் சொல்ல வேண்டாம். ஊர்ல இல்லன்னு சொல்லிடுங்க. பொய்யில்லையே?”

“பொய்யில்ல” என்றான். ஊரில் இல்லைதான்.

மத்தியானத்துக்கு மேல் போனான். அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று எந்தச் சபதமும் போட்டிருக்கவில்லை. அதனால் மிதித்தான். லிஃப்ட்டில் ஏறினான். கதவு மூடும்போது கடைசி விரற்கடையில் ஒரு உதறல் இருந்தது, கீழ்ச் சக்கரம் தேய்ந்திருக்கிறது. நாலாம் மாடியில் கதவு திறந்ததும் பெரிய சிஸ்டர் எதிரே நின்றார். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிறாரா, ஆறுதல் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

“சாப்பிடறீங்களா இல்லையா?”

“சாப்பிடறேன் சிஸ்டர்.”

“மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல. சரி வாங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.”

ஜன்னலோரக் கட்டில். முப்பதை ஒட்டிய பெண். கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சளித்திருந்தது. தலை மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போல ஒரு முடி பிசகாமல் வாரியிருந்தது. பை ஒன்று கட்டி முடித்துக் கட்டில்மேல் தயாராக இருந்தது. பக்கத்தில் புருஷன், சொந்தமாக வேன் ஓட்டுகிறவன். சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“இவர்தாம்மா. நான் சொன்னேனே ஒன்பது வருஷம், அவங்க வீட்டுக்காரர்” என்றார் பெரிய சிஸ்டர்.

பார்லர்காரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை விட்டுவிட்டு அதற்குமேலே பார்த்தாள்.

“யாரு வெட்டிவிட்டா?”

“என்னது?”

“முடிய. காதுக்குப் பின்னால எலி கடிச்ச மாதிரி இருக்கு.”

“தெருமுனைக் கடைல.”

“இனிமே அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காதீங்க.”

“ஏய்” என்றான் வேன்காரன். “வந்தவர்கிட்ட பேசற பேச்சா இது? வாங்க சார், உக்காருங்க. இவ இப்படித்தான்.”

“நாளைக்கு வயித்தக் கிழிக்கப் போறாங்க. இன்னிக்கு நான் மரியாதையா வேற பேசணுமா?” என்றாள் அவள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, “அவங்க வரலையா?” என்று கேட்டாள்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். ‘ஊர்ல இல்ல’ என்பது நாக்கு நுனியில்தான் இருந்தது. பார்லர்காரி உள்ளங்கையை வலது விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து நின்றுவிட்டது. இந்தப் பொண்ணு பொழைச்சு வீட்டுக்குப் போகும், அப்புறம் ஒரு நாள் இதுக்கும் காய்ச்சல் வரும் என்று அவனுக்குத் தோன்றியது. பெரிய நல்லெண்ணம் எதுவும் அவனுக்கு அப்போது இல்லை. வாய் பொய்யைப் புரட்ட மாட்டேன் என்றது, அவ்வளவுதான்.

“இறந்துட்டா” என்றான். “நாலு மாசம் ஆச்சு.”

பெரிய சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வேன்காரன் ஒரே எட்டில் கட்டிலைச் சுற்றி வந்தான்.

“இதென்ன சிஸ்டர், விளையாட்டா? செத்தவங்க கதையக் கேக்கவா இவள உக்கார வச்சிருந்தீங்க? பொழைச்ச ஆளக் காட்டறேன்னீங்களே, இதுதானா அது?”

“தம்பி, கொஞ்சம் நான் சொல்றதக் கேளுங்க…”

“ஒண்ணும் கேக்க வேணாம். எழுந்திருடி. செருப்பு எங்க?”

பார்லர்காரி காலைக் கீழே தொங்கப்போட்டாள். செருப்பைத் தேடவில்லை. அவனைப் பார்த்தாள்.

“திரும்பி வந்துடுச்சா?”

“இல்ல.”

“பின்ன எதுல?”

“காய்ச்சல்ல.”

“காய்ச்சல்ல யாராவது சாவாங்களா?”

“எங்க வீட்ல செத்தா.”

அதற்குப் பிறகு அவன் பேசினான். நாலு மாதத்தில் அவன் சேர்த்துப் பேசிய பேச்சு அதுதான். நாளைக்கு இவர்கள் உங்களுக்குக் குடலை ஈரலோடு ஒட்டுவார்கள் என்றான். பித்தக்குழாயில் கிருமி மேலே ஏறாமல் காவலுக்கு ஒரு வாசல் உண்டு, அதை வெட்டி எடுத்துவிடுவார்கள், அப்புறம் குடலில் இருக்கிற கிருமி எப்போது வேண்டுமானாலும் ஈரலுக்கு ஏறலாம். ஏறினால் காய்ச்சல் வரும், உடம்பு உதறும். உதறினால் அந்த நிமிஷமே இங்கே வந்துவிட வேண்டும். மறுநாள் வரலாம் என்று இருக்கக் கூடாது.

“இத அவங்களுக்கு யாரும் சொல்லலையா?”

“முதல் வருஷமே சொன்னாங்க. ரெண்டு தடவ வந்துது. ரெண்டு தடவையும் தூக்கிட்டு ஓடி வந்தேன். ஊசி போட்டாங்க, ஒரு வாரத்துல வீட்டுக்கு அனுப்பினாங்க.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் ஒன்பதாவது ஸ்கேன். பெரிய டாக்டர் அதிசயமாகச் சிரித்தார். “இனிமே வருஷா வருஷம் வந்து என் மூஞ்சியப் பாக்க வேண்டாம். இன்னியிலருந்து நீங்க சாதாரண ஆளு” என்றார். அவர் சொன்னது ஸ்கேனைப் பற்றி. இவர்கள் எடுத்துக்கொண்டது எல்லாவற்றையும் பற்றி. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அவள் அவனை நிறுத்தினாள். “கேட்டியா? சாதாரண ஆளு. இனிமே தும்மினா டாக்டர், ஏப்பம் விட்டா டாக்டர்னு என்னத் தூக்கிட்டு ஓடாத. சாதாரண ஜனங்க காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவாங்க?” மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பார்கள் என்றான். “அதேதான் நாமளும். கையடி” என்றாள். அடித்தான். அவனுக்கும் அது வேண்டியிருந்தது. ஒன்பது வருஷமாக அவள் இரவில் புரண்டு படுத்தால்கூட விழித்துக்கொள்கிறவன் அவன். அன்று ராத்திரி கட்டை மாதிரி தூங்கினான்.

அது அவர்களுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. தெரிந்ததை மறந்துபோனதும் இல்லை. தெரிந்ததை இனி நமக்கு வேண்டாம் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். காய்ச்சல் வந்தது. கை கால் உதறியது. போர்வைக்குள் கிடந்துகொண்டு, “போன வைப்ரேட்ல போட்ட மாதிரி இருக்குடா” என்று அவள் சிரித்தாள். மாத்திரை போட்டாள், விட்டது. மறுநாள் மறுபடி வந்தது. “போயிடலாமா?” என்று அவன் கேட்டான். “கையடிச்சியா இல்லையா?” என்றாள். மத்தியானம் அவன் வேலைக்குப் போனான். சாயந்தரம் வந்து கூப்பிட்டபோது கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. இங்கேதான் கொண்டுவந்தான். வாயில் குழாய் வைத்தார்கள். ரத்தம் முழுக்கக் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தாள்.

இவ்வளவையும் அவன் லிஃப்ட் பழுதை விளக்குகிற குரலில்தான் சொன்னான். எங்கே தேய்ந்தது, எப்போது தேய்ந்தது, எதனால் நின்றது என்று. பெரிய சிஸ்டர் எப்போது வெளியே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

பார்லர்காரி தொங்கவிட்ட காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஒன்பது வருஷமும் படுத்தே கிடந்தாங்களா?”

“ஒரு வருஷம் கிடந்தா. அப்புறம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தா.”

“சும்மா சொல்லாதீங்க.”

“நிஜமாத்தான். ஊர்ல நிறைய பொம்பளைங்க அவகிட்டக் கத்துக்கிட்டவங்க. நிறைய செவுத்துல கோடு இருக்கு.”

“உங்ககூட சண்டை போடுவாங்களா?”

“தினம்.”

“எதுக்கு?”

அவன் யோசித்தான். “ஈரத் துண்ட கட்டில்மேல போட்டதுக்கு. பல்லு தேய்க்கும்போது பேசறதுக்கு. கார்ல போகும்போது பக்கத்துல உக்காந்துகிட்டு இல்லாத பிரேக்கை மிதிப்பா. நான் எதாச்சும் சொன்னா அதுக்கும் சண்டை.”

அவள் சிரிக்கவில்லை. “எல்லாருக்கும் ஒன்பது கிடைக்குமா?” என்று கேட்டாள்.

“கிடைக்காது.”

“எத்தன பேருக்குக் கிடைக்கும்?”

“எனக்குத் தெரியாது. சிஸ்டருக்குக் காட்டறதுக்கு வேற ஆள் இல்ல. அதனாலதான் என்னக் கூப்பிட்டாங்க.”

“யோவ்” என்றான் வேன்காரன். “ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல வராதா உனக்கு?”

“நீ சும்மா இரு மாமா” என்றாள் அவள். “காலைலருந்து எல்லாரும் ஆறுதல்தான் சொல்றாங்க.”

ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் ஒன்று ரிவர்ஸில் வந்து நின்றது. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு விரலை மடக்கினாள்.

“எம் பொண்ணுக்கு ஆறு வயசு. ஒன்பது போட்டா பதினஞ்சு. பதினஞ்சுல அதுவா தலை வாரிக்கும்.” விரலைப் பிரித்து மறுபடி மடக்கினாள். “நாலுன்னே வச்சுக்குங்க. பத்து. பத்துலயும் வாரிக்கும், வகிடு கோணலா இருக்கும். ஒண்ணுன்னா ஏழு.” அதற்குமேல் கணக்குப் போடவில்லை. “இப்ப நான் போனா இவர்தான் அதுக்குத் தலை வாரணும். இவர் கையில சீப்பக் கொடுத்தா கொழந்தை ஸ்கூலுக்குச் சூறாவளில மாட்டின மாதிரி போகும்.”

வேன்காரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“மாமா, அந்தப் பையக் கீழ இறக்கி வை.”

“ஏண்டி?”

“கால் நீட்ட இடமில்ல. அப்புறம் போய் சிஸ்டர்கிட்ட சொல்லு, நாளைக்கு நான் இருக்கேன்னு. ராத்திரி எத்தன மணிக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னும் கேட்டுட்டு வா.”

வேன்காரன் பையை இறக்கினான். இறக்கிவிட்டு அங்கேயே நின்றான்.

“என்ன மரம் மாதிரி நிக்கற? இன்னொண்ணும் கேட்டுக்க. இவர் சொன்னது காதுல விழுந்துதா? எனக்கு உடம்பு உதறினா நீ வேன எடுக்கணும். பெட்ரோல் இல்ல, டயர் பஞ்சர், பார்ட்டி வெயிட்டிங்குன்னு எதாச்சும் சொன்ன, பேயா வந்து உன் வேன்லயே உக்காந்துக்குவேன். நான் வேணாம்னு சொன்னாலும் தூக்கிட்டு வரணும். அடிச்சுக் கூட்டிட்டு வரணும். சரியா?”

“சரிடி.”

“சத்தமா சொல்லு.”

“சரிடி!” என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வராந்தாப் பக்கம் போனான். சாவிக்கொத்து கட்டில்மேலேயே கிடந்தது.

ஸ்டூலிலிருந்து அவனும் எழுந்தான். தோளில் பையை மாட்டினான். வந்த வேலை முடிந்துவிட்டது. உள்ளே எதுவும் லேசாகவில்லை, எதுவும் கூடவுமில்லை. இந்தப் பெண் நாளைக்கு ஆபரேஷன் மேஜையிலேயே போகலாம். இன்னும் ஆறு மாதத்தில் போகலாம். ஒன்பது வருஷம் இருக்கலாம். இதில் எதையும் அவன் பார்க்கப் போவதில்லை. நாளைக்கும் மோட்டாரைப் போட வேண்டும், அணைக்க வேண்டும்.

“அண்ணே.”

அதுவரை அவள் அவனை எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளுங்க.”

“அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?”

இந்தக் கேள்விக்கு அத்தை ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். கையைப் பிடித்தது, அம்மாவை விட்டுவிடாதே என்றது, கண்ணை மூடியது. நாலு மாதம் பலர் கையில் புழங்கி வழவழப்பாகிவிட்ட பதில். அதைச் சொன்னால் கேட்பவர்கள் கண் கலங்குவார்கள், மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடலாம்.

அவன் யோசிப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

“அழகா எதையாச்சும் கோத்துச் சொல்லாதீங்க. அந்த மாதிரி நானும் கஸ்டமர்கிட்ட நிறைய சொல்லுவேன், எனக்குத் தெரியும். நாளைக்கு மயக்க ஊசி போடறதுக்கு முன்னால எதாச்சும் பெருசா சொல்லிட்டுப் போகணுமோன்னு காலைலருந்து யோசிச்சு யோசிச்சு மண்டை வலிக்குது. ஒண்ணும் தோண மாட்டேங்குது. அதான் கேக்கறேன். நிஜமா என்ன சொன்னாங்களோ அது போதும்.”

நாலு மாதத்துக்கு முன் அந்த மத்தியானம் அவன் இப்படித்தான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ஷூ மாட்டியாகிவிட்டது. அவள் கூடத்துச் சோபாவில் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள், மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே. லீவு போடட்டுமா என்று கேட்டான். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து, போ போ என்று காற்றைத் தள்ளிவிட்டு உள்ளே போனது. அவன் கைப்பிடியில் கை வைத்தான். அப்போதுதான் சொன்னாள், கண்ணைத் திறக்காமலே. அதை அவன் அத்தையிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை, தனியாக இருக்கும்போது தனக்குத்தானே ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

பார்லர்காரி காத்திருந்தாள். அவன் தன் மனைவி சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

“கதவ நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போ. பக்கத்து வீட்டுப் பூன உள்ள வந்துடுது.”